கானோரம் நடக்கப் போகிறவளுக்கு

தியத்தலாவை
தை 12

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. யால சுற்றுலாவுக்குப் பேர் கொடுக்காமல் விட்டுவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். ஜீப்புக் காசு, பஸ் காசு, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் அம்மா பத்து நாள் கொழுந்து எடுத்த கூலிக்குமேல் வரும் என்று நீயே கணக்குப் போட்டு, அவளிடம் கேட்காமலே இருந்துவிட்டாய். அந்த வரியை மூன்று தடவை வாசித்தேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "யானையும் சிறுத்தையும் பார்க்காத நான் வனவிலங்கு பற்றிய ஒப்படையை எப்படி எழுதுவது, மாமா?"

உன் லயத்துக்குப் பின்னால் ஓடுகிற கானிலிருந்து, அந்த மழைத்தண்ணீர் வாய்க்காலிலிருந்து, எழுது. இதை உன்னைச் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை. முப்பது வருஷமாக நான் பார்த்தவற்றில் பாதிக்குமேல் கானோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் பார்த்தவைதான். அதோடு, நீ போக ஆசைப்பட்ட யாலவின் முதல் காவலரே நான் இருக்கும் இந்த ஊரிலிருந்து, முள்ளுக்கம்பி வேலிக்கு உள்ளேயிருந்து போனவர். அவர் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நடையைப் பற்றி. மலைநாட்டில் பிறந்த நமக்கு நடப்பதென்றால் ஏறுவதும் இறங்குவதும்தான். கொழுந்துக் கூடையோடு ஏறின உன் அம்மாயியின் முழங்கால் அதற்குச் சாட்சி. ஆனால் மலையிலும் மட்டமான பாதை ஒன்று உண்டு. தண்ணீர் போகும் பாதை அது. தண்ணீர் மேலே ஏறாது, அவசரமாக இறங்கினால் கரையை அறுத்துவிடும். ஆகவே வாய்க்கால் வெட்டுகிறவன் மட்டம் பார்த்து, மலையின் இடுப்பைச் சுற்றிச் சேலை கட்டுவதுபோல அதைக் கொண்டு போவான். இறக்கம் தண்ணீருக்குத் தெரியும், நம் காலுக்குத் தெரியாது. அந்தக் கரையில் நடந்தால் மூச்சு வாங்காது. மூச்சு வாங்காதவனுக்குத்தான் காது கேட்கும். பறவை பார்க்கப் போகிற பலர் இதை யோசிப்பதில்லை. உச்சி மலைக்கு ஏறி, நெஞ்சு படபடக்க நின்று, ஒன்றும் இல்லை என்று திரும்பி வருகிறார்கள்.

நம் பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பார். எல என்றால் சிங்களத்தில் ஓடையும் வாய்க்காலும், எல்ல என்றால் அருவி, ஓயா என்றால் ஆறு. ஹாலி-எல, எல்ல, பதுளு ஓயா, ஊமா ஓயா. தியத்தலாவையிலும் தண்ணீர் இருக்கிறது. திய என்றால் தண்ணீர், தலாவ என்றால் புல்வெளி. ஊவாவின் வரைபடத்தை விரித்தால் பாதி ஊர்கள் தண்ணீரின் பெயரில்தான் இருக்கின்றன. எங்கே நடப்பது என்று நீ யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

தோட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று கான். மழைத்தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் தேயிலை மலைக்குக் குறுக்கே வெட்டினது. உன் தாத்தா கொந்தரப்புக்குக் கான் வெட்டினவர். ஒரு நாளைக்கு இத்தனை அடி என்று கணக்கு, குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலிதான். இன்னொன்று ஸ்டோருக்குத் தண்ணீர் கொண்டுபோன பெரிய வாய்க்கால். மின்சாரம் வருவதற்கு முன் பல தேயிலைத் தொழிற்சாலைகள் தண்ணீரால் ஓடின. மேலே ஒரு அணையில் ஓடையை மறித்து, வாய்க்காலில் கொண்டுவந்து, கடைசியில் இரும்புக் குழாயில் இறக்கி, சில்லைச் சுற்ற வைத்தார்கள். கம்பத்தில் மின்சாரம் வந்தபின் பல இடங்களில் அந்த வாய்க்கால்கள் கைவிடப்பட்டன. சில தூர்ந்துவிட்டன, சிலவற்றில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது. மனிதருக்கு வேலை முடிந்த இடத்தில் மீன்கொத்திக்கும் நண்டுக்கும் வேலை தொடங்கியிருக்கிறது.

நான் கிழமைக்கு ஒருதரம் நடப்பது அப்படிப்பட்ட ஒரு வாய்க்கால். இரண்டு மைல் இருக்கும். தேயிலையில் தொடங்கி, பைன் மரங்களுக்குள் நுழைந்து, பத்தனைப் புல்வெளியின் ஓரமாக வந்து, ஒரு வளைவில் இராணுவ முகாமின் வேலிக்குக் கிட்டப் போய்த் திரும்புகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் தோட்டம், அந்தப் பக்கம் முகாம். அந்த வளைவில்தான் நான் அதிக நேரம் உட்காருவேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்துக் கதை 1900இல் தொடங்குகிறது. தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் நடந்தது. போயர்கள் டச்சுக்காரர் வழிவந்த விவசாயிகள். பிடிபட்டவர்களைக் கப்பலேற்றி உலகத்தின் மூலைகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். அந்த வருஷம் ஓகஸ்டில் முதல் தொகுதி இங்கே வந்து இறங்கியது. பிறகு ஏறக்குறைய ஐயாயிரம் பேர் இந்தப் புல்வெளியில் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தார்கள். ரயில் பண்டாரவளை வரைக்கும் 1894இலேயே வந்துவிட்டதால் கைதிகளைக் கொண்டுவருவது சுலபமாக இருந்தது. 1902இல் போர் முடிந்தது. பிரித்தானிய மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்தால் ஊருக்குப் போகலாம் என்றார்கள். பெரும்பாலோர் செய்தார்கள், போனார்கள். செய்ய மாட்டேன் என்று நின்ற மிகச் சிலரில் ஒருவர் எங்கல்பிரெக்ட்.

ஊருக்குப் போகும் வழி அவருக்கு அடைபட்டுப் போனது. அம்பாந்தோட்டையில் தனியாளாக, வறுமையில் காலம் தள்ளினார். யால அப்போது புதிதாக ஒதுக்கப்பட்ட காடு. அதுவும் அதே 1900இல் ஒதுக்கியதுதான். அந்தக் காட்டுக்கு முதல் காவலராக அவரை நியமித்தார்கள். முதல் உலகப் போரின்போது இன்னொரு சோதனை வந்தது. 1914 செப்டெம்பரில் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டதே எம்டன் என்ற ஜெர்மன் கப்பல், அதற்கு இறைச்சி கொடுத்தார் என்ற சந்தேகத்தில் அவரைச் சிறையில் போட்டார்கள். அது பொய் என்று பின்னால்தான் தெளிவானது. 1922இல் இறந்தார். யால தேசியப் பூங்கா ஆனது 1938இல், அதைப் பார்க்க அவர் இல்லை.

இந்தக் கதையை நான் ஏன் விடாமல் சொல்கிறேன் தெரியுமா? இரண்டு வருஷம் அடைபட்டுக் கிடந்தவருக்கு இந்தப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறென்ன இருந்திருக்கும்? அவர் இங்கே என்ன பறவையைப் பார்த்தார் என்று எங்கும் நான் வாசித்ததில்லை. ஆனால் அந்த வளைவில் உட்காரும்போது அவர் நினைவு வராமல் இருந்ததில்லை.

அவருக்குப் பிறகும் இந்த ஊரின் வேலிகள் காலியாக இருக்கவில்லை. இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மானியரை இங்கே அடைத்தார்கள். ஞானதிலோக்க தேரர், ஞானபொனிக்க தேரர் என்ற ஜெர்மன் பௌத்தத் துறவிகளும் அவர்களில் இருந்தார்கள். இன்று இலங்கை இராணுவம் தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் இடம் இதுதான். கப்பற்படை வீரர்கள் மலைச்சரிவில் வெள்ளைக் கல்லால் பதித்த நரி உருவத்தை நீ ரயிலில் போகும்போது பார்த்திருப்பாய். பாக்ஸ் என்ற கப்பலில் வந்தவர்கள் செய்தது அது.

மனிதர் கால் அதிகம் படாத நிலம் எதுவானாலும் உயிர்கள் அங்கே வந்து தங்கும். நீ போன வருஷம் திருகோணமலைக்குப் போனாயே, கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் படுத்துக் கிடந்தன என்று எழுதினாயே, அந்தக் கோட்டையும் படைமுகாம்தான். இங்கிலாந்தில் சாலிஸ்பரி சமவெளி என்று ஒன்று இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே படைப் பயிற்சி நடக்கிறது. உழவும் வீடுகளும் வராததால் பழைய புல்வெளி அப்படியே தப்பியது. டாங்கி ஓடின தடத்தில் மழைத்தண்ணீர் தேங்கும் குழிகளில் ஒரு வகைச் சிறு இறால் வாழ்கிறது. 1832இல் அந்த நாட்டில் அற்றுப்போன பெரிய கானமயிலை 2004இலிருந்து அங்கேதான் மறுபடி விட்டு வளர்க்கிறார்கள். இதை வாசித்துவிட்டுத் துப்பாக்கிதான் பறவையைக் காப்பாற்றுகிறது என்று எழுதிவிடாதே. கொரியாவின் இரு பாதிகளுக்கும் நடுவே யாரும் நுழைய முடியாத பகுதியில் செங்கொண்டை நாரைகள் இறங்குகின்றன. அங்கே நிலக்கண்ணியும் புதைந்திருக்கிறது. நாம் வைத்த வேலியைத் தங்களுக்கு வசதியாக்கிக்கொள்ளும் அளவுக்கு அந்த உயிர்களுக்கு இடம் குறைந்துபோயிருக்கிறது. எனக்கு அதில் தெரிவது இதுதான்.

நம் ஆட்களுக்கு முகாம் வேலி என்றாலே தூரமாக விலகிப் போகும் பழக்கம். அதற்குக் காரணம் இருக்கிறது. போர்க்காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் என் பையில் பைனாகுலர் இருந்ததற்காக அரைநாள் உட்கார்ந்திருந்தேன். மீன்கொத்தி பார்க்க என்று சொன்னால் நம்புகிற காலமா அது? ஆகவே ஒழுங்காகச் சொல்கிறேன், கேள். முகாம் நிலத்துக்குள் அனுமதி இல்லாமல் ஓர் அடி வைக்காதே. வேலியையோ கட்டடத்தையோ ஆட்களையோ படம் எடுக்காதே, பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பாதே. சிவப்புக் கொடி பறந்தால் அன்று சுடும் பயிற்சி, வீட்டுக்குத் திரும்பு. புல்லுக்குள் இரும்பாக எது கிடந்தாலும் தொடாதே, காலாலும் தட்டாதே. இரண்டு வருஷத்துக்கு முன் நான் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதி, எந்தக் கரையில் எந்த நேரத்தில் உட்காருவேன் என்று விவரமாகக் குறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது காவலில் நிற்கும் பையன்களுக்கு என்னைத் தெரியும். ஒருவன் போன மாதம், "சேர், நேற்று மரை வந்தது" என்று தன் கையால் கொம்பு வைத்துக் காட்டினான். தோட்டத்து மலையில் நடக்கவும் அதே மாதிரி ஒபிசில் சொல்லிவிட்டு, அந்தப் பிரிவின் கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போ. சொல்லாமல் போனால் கண் பாதி பின்னாலேயே இருக்கும், பார்க்க வந்ததைப் பார்க்க முடியாது.

இனி நடப்போம். ஆறு மணிக்கு வாய்க்கால் தலைப்பில் நிற்க வேண்டும். பனி இறங்கியிருக்கும், கண்ணுக்கு வேலை இல்லை. காதைத் திற. புதருக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில் வந்தால் அது ஆறுமணிக்குருவி. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கூப்பிடுவதால் நம் பெரியவர்கள் வைத்த பெயர். இந்தியாவிலிருந்து புரட்டாசி, ஐப்பசி வாக்கில் பறந்து வந்து சித்திரையில் திரும்பிப் போகிறது. குட்டைவால், பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு. குப்பையைக் கிளறித் தின்னும். உன் வகுப்பில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் கேட்டிருப்பார்கள், எதுவென்று தெரியாமல்.

வெளிச்சம் வந்ததும் முதலில் கண்ணில் படுவது வாலாட்டிக் குருவி. வயிறு மஞ்சள், முதுகு சாம்பல். வாய்க்கால் கல்லில் நின்றுகொண்டு வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். நீ நெருங்கினால் பத்தடி தள்ளிப் போய் உட்காரும், மறுபடி நெருங்கினால் மறுபடி பத்தடி. வாய்க்கால் முழுக்க உனக்கு வழிகாட்டிக்கொண்டே போகும். அதுவும் வடக்கேயிருந்து வந்த விருந்தாளிதான். இத்தனை சிறிய உடம்பு எத்தனை மலையும் கடலும் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்து வாய்க்காலைத் தேடி வருகிறது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய் சிலிர்க்கும்.

பைன் மரங்களுக்குள் நுழைந்ததும் சத்தம் குறைந்துபோகும். கீழே ஊசியிலை மெத்தைபோல விழுந்து கிடக்கும், பழமுள்ள செடி அதிகம் முளைக்காது. அந்த அரை மைலை வேகமாகக் கடந்துவிடு. அதைத் தாண்டிப் பத்தனை வந்ததும் உட்கார். மானாப்புல் நுனியில் கறுப்புச் சிட்டொன்று நிற்கும், பறக்கும்போது இறக்கையில் வெள்ளை தெரியும். புதர்ச்சிட்டின் சேவல் அது. பேடு மண் நிறம், பக்கத்தில்தான் எங்கோ இருக்கும், தேடு. புல்லுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் மரங்களைப் பார். நெல்லி, கடுக்காய், தான்றி. ஆயுர்வேதக் கடையில் திரிபலாச் சூரணம் என்று வாங்குகிறோமே, அந்த மூன்றும் ஊவாப் பத்தனையில் ஒன்றாக நிற்கின்றன. புல்லுக்கு ஆடியில் நெருப்பு வைத்தாலும் தாங்கிக்கொள்ளும் தடித்த பட்டை இந்த மரங்களுக்கு. 1899இல் பியர்சன் என்ற தாவரவியலாளர் இந்தப் பத்தனைகளைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். புல்தானே, வெறும் நிலந்தானே என்று நாம் சொல்லும் இடத்தை ஒருவர் உட்கார்ந்து பெயர் பெயராக எண்ணியிருக்கிறார்.

உட்காருவதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், அதுதான் இந்த நடையில் கஷ்டமானது. நடப்பது யாருக்கும் வரும். வளைவு வந்தால் நின்றுவிடு. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதோ அது உன்னை இன்னும் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, முந்நூறு எண்ணும் வரை அசையாதே. முதல் நூறில் ஒன்றும் நடக்காது. இரண்டாம் நூறில் தவளைகள் மறுபடி பேசத் தொடங்கும். மூன்றாம் நூறில், அதிர்ஷ்டம் இருந்தால், கானாங்கோழி வெள்ளை நெஞ்சோடு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்கு இறங்கும், அல்லது கீரி கரையைத் தாண்டும். வாலிப வயதில் எனக்கு இந்தப் பொறுமை இல்லை. ஒருநாள் வளைவைத் தாண்டி வேகமாகப் போனேன், தண்ணீரில் தொபுக்கென்று ஒரு சத்தம், வளையம் வளையமாக அலை. நீர்நாய். அதன் முதுகைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த நீர்நாயைப் பார்க்க எனக்குப் பதினொரு வருஷம் ஆனது.

நீர்நாயைப் பார்க்காவிட்டாலும் அது வந்துபோனதைப் படிக்கலாம். வாய்க்காலில் துருத்தி நிற்கும் கல்லில் கறுப்பாகக் காய்ந்த எச்சம் இருந்தால் ஒரு குச்சியால் கிளறிப் பார். நண்டு ஓட்டுத் துண்டுகள் தெரியும். ஆமாம், நண்டு. கடலிலிருந்து இவ்வளவு உயரத்தில், நம் பீலித் தண்ணீரில் வாழும் நண்டு. இலங்கையில் நன்னீர் நண்டு ஐம்பது வகைக்குமேல் இருக்கின்றன, ஒன்றிரண்டைத் தவிர மற்றவை உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. யாலவில் நீ பார்க்கும் யானையும் சிறுத்தையும் இந்தியாவிலும் இருக்கின்றன. உன் லயத்துப் பீலிக்குக் கீழே கல்லுக்கடியில் பதுங்கும் நண்டு இந்தத் தீவைவிட்டு எங்கும் இல்லாததாக இருக்கலாம். ஒப்படையை எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டாயே, நானாயிருந்தால் அங்கேதான் தொடங்குவேன். கல்லைப் புரட்டினால் பார்த்துவிட்டு அதே இடத்தில், அதே பக்கமாகத் திருப்பி வை. புல்லுக்கு மருந்தடித்த வாரத்தில் மட்டும் கான் தண்ணீரில் கை வைக்காதே.

அப்புறம் சேறு. வாய்க்கால் வழிந்து கரையில் படிகிற சேறு கன்னங்கரேலென்று வழுவழுப்பாக இருக்கும். இரவு முழுக்க யார் யார் போனார்கள் என்று அதில் எழுதியிருக்கும். நாய்க்கு நாலு விரல், நக நுனி பதியும். பூனைச் சாதிக்கும் நாலு விரல்தான், ஆனால் நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் நகம் பதியாது. சிறுத்தைத் தடமென்றால் உன் உள்ளங்கை அளவு இருக்கும். மீன்பிடிப் பூனை மட்டும் நகத்தை முழுதாக உள்ளே இழுக்காது, அதனால் சில நேரம் நகமும் தெரியும். கீரிக்கும் நீர்நாய்க்கும் ஐந்து விரல். நீர்நாயின் விரல்களுக்கு நடுவே சவ்வு உண்டு, நல்ல ஈரச் சேற்றில் அதுவும் பதியும். தடத்தின்மேல் மெல்லிய தாளைப் பிடித்துப் பென்சிலால் அப்படியே வரைந்துகொள். பக்கத்தில் திகதி, நேரம், முதல்நாள் மழையா என்று எழுது. பெயர் தெரியாவிட்டால் பெயர் எழுதாதே. தெரியாததற்குப் பெயர் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு நீ அதைப் பார்க்க மாட்டாய்.

பயப்பட வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். சிறுத்தைக்கு நீ பயப்படுவதைவிடக் குளவிக்குப் பயப்படு. தோட்டத்தில் குளவி கொட்டி எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள் என்று உனக்கே தெரியும். மரக்கிளையிலோ பாறையிலோ கூடு தொங்கினால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பு. கல்லெறியாதே, வாசனைப் பவுடர் போட்டுக்கொண்டு வராதே. எந்த மரத்தில் கூடு கட்டும் என்று உன் அம்மாயிக்குப் பார்த்த உடனே தெரியும். கொழுந்தெடுக்கும் பெண்கள் மலையைப் பற்றி அறிந்ததைப் பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் வந்து கேட்டிருக்க வேண்டும். நீயாவது கேட்டு எழுதி வை. தேயிலைக்குள் பச்சை விரியன் இருக்கும், ஆகவே கை வைக்கும் இடத்தைப் பார்த்து வை. சப்பாத்து போடு. தனியாக ஒருநாளும் போகாதே.

கம்பிச் சுருக்கு ஒன்று இருக்கிறது. பன்றிக்கு வைப்பது, ஆனால் சுருக்குக்குப் பன்றி எது சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று கழுத்தில் கம்பியோடு பிடிபட்டு, சில நாளில் செத்துப்போனது. இந்த நாட்டில் கருஞ்சிறுத்தை காணக் கிடைப்பதே அபூர்வம். பன்றி மரக்கறித் தோட்டத்தை நாசமாக்கும் வேதனையும் எனக்குத் தெரியும், நாம் அந்த வீடுகளில்தான் வளர்ந்தோம். இருந்தாலும் வாய்க்கால் கரையில் கம்பி கண்டால் நீயே கழற்றப் போகாமல் என்னிடம் வந்து சொல். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பது என் வேலை.

மழைக்காலத்தில் நடை கிடையாது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை ஊவாவை நனைக்கும். அந்த மாதங்களில் கானைப் பார்ப்பதும் ஒரு வேலைதான், ஆனால் அது பெரியவர்களின் வேலை. கான் அடைபட்டுத் தண்ணீர் வழி மாறினாலும், தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கினாலும், நிலத்தில் புது வெடிப்புத் தெரிந்தாலும் உடனே சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது உனக்கு நினைவிருக்காது, நீ கைக்குழந்தை. அன்றிலிருந்து மழை இரவுகளில் நான் சரியாகத் தூங்குவதில்லை. நிலத்துக்கு அடியிலும் தண்ணீருக்கு வழி உண்டு. ஊமா ஓயாத் திட்டத்துக்காகப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் தோண்டியபோது அதற்குள் தண்ணீர் கசிந்து, பண்டாரவளைப் பக்கம் எத்தனையோ கிணறுகள் வற்றிப்போயின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. பீலியில் தண்ணீர் எவ்வளவு விழுகிறது என்று மாதம் ஒருமுறை ஒரு வாளி வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறதென்று எழுதி வா. ஒரு வருஷம் எழுதினால் உன் கையில் இருக்கும் கணக்கு வேறு யாரிடமும் இருக்காது.

தையும் மாசியும்தான் நல்ல காலம். மழை விட்டிருக்கும், வடக்கிலிருந்து வந்த பறவைகள் இன்னும் திரும்பியிருக்காது, முள்முருக்கு பூக்கத் தொடங்கும். பங்குனி கழிந்தால் வாலாட்டி போய்விடும்.

இந்தச் சனிக்கிழமை வா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, அவளுக்கு அன்று வேலை இல்லை என்று கேட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரமே பஸ் ஏறினால் இரவு இங்கே தங்கி, விடிய ஐந்தரைக்குக் கிளம்பலாம். பச்சையோ மண் நிறமோ உள்ள சட்டை, ஒரு கொப்பி, இரண்டு பென்சில், அட்டைக்குச் சவர்க்காரத் துண்டு. பைனாகுலர் என்னிடம் இருக்கிறது, ஒரு பக்கம் மங்கல், நல்ல பக்கத்தை உனக்குத் தருகிறேன்.

கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நேற்றுக் காலை முகாம் வளைவில், வாய்க்கால் வழிந்த சேற்றில் இருந்த தடம். இருந்த அளவிலேயே வரைந்தேன். விரல் நாலு என்று முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தால் உள்பக்கமாக இன்னொரு சின்னப் பதிவு இருக்கிற மாதிரித் தெரிகிறது, அது விரலா சருகு அழுந்தியதா என்று எனக்குப் பிடிபடவில்லை. உன் கண் புதுக் கண். எண்ணிப் பார்த்துவிட்டு வா. தடத்தின்மேல் ஒரு பழைய கூடையைக் கவிழ்த்து, மேலே கல் வைத்திருக்கிறேன். சனி வரைக்கும் மழை வராவிட்டால் இருக்கும்.

அன்புடன்,
மாமா